மோதிர விரலுக்கு ஐம்பத்தாறு நாள்

ஜூலை 5, புதன்

டாக்டர் எழுதிவைக்கச் சொன்னதால் எழுதுகிறேன். விரல் உறையை என்றைக்குக் கழற்றினேன், எப்போது திரும்ப மாட்டினேன், வீக்கம் உண்டா, வலி உண்டா. அவர் கேட்டது அவ்வளவுதான். பள்ளியில் எழுதாமல் கிடந்த வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன்.

நடந்தது இது. நேற்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு த்ரோபால் பயிற்சி. "பந்தைப் பார்த்துப் பிடி, பயந்து பிடிக்காதே" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, எப்படிப் பிடிப்பது என்று காட்டப் போன நானே பந்தை விரல் நுனியில் வாங்கிக்கொண்டேன். வலது கை மோதிர விரல். ஐம்பத்தேழு வயது வரை அந்த விரலுக்கு ஒரு மோதிரமும் வரவில்லை, பந்தாவது வந்ததே.

பெரிய வலி இல்லை. ஆனால் நுனி தொங்கிவிட்டது. இடது கையால் தூக்கினால் நிமிர்கிறது, விட்டால் விழுகிறது. பந்தை எறிந்த பிள்ளை என்னைவிட அதிகமாக அழுதாள். அழுததற்காக அவளை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

எலும்பில் ஒன்றும் இல்லையாம். விரல் நுனியைத் தூக்கிப் பிடிக்கிற தசைநாண் அறுந்திருக்கிறது. அறுத்துத் தைக்க வேண்டாம், பிளாஸ்டிக் உறை போட்டு நேராக வைத்திருந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். எட்டு வாரம். ஐம்பத்தாறு நாளில் ஒரு நொடிகூட நுனி மடங்கக் கூடாது. மடங்கினால் ஒட்டியது விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நான்கு நாளைக்கு ஒருமுறை உறையைக் கழற்றித் துடைக்கும்போது இன்னொருவர் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஆள் இருக்கிறது என்றேன்.

முதல் நாள்.

ஜூலை 6, வியாழன்

தலை பின்ன முடியவில்லை. கொண்டையும் இல்லாமல் சடையும் இல்லாமல் எதையோ போட்டுக்கொண்டு போனேன்.

ஜூலை 9, ஞாயிறு. ஐந்தாம் நாள்

உறையை முதல்முறை கழற்றினேன். சாப்பாட்டு மேசையில் கையைக் கவிழ்த்து, விரலை மேசையோடு ஒட்டி அழுத்திக்கொண்டு, இடது கையால் உறையை உருவி, துடைத்து, காயவைத்து, திரும்ப மாட்டி, பல்லால் பிளாஸ்திரியைக் கடித்துக் கிழித்து ஒட்டி முடிக்க இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தோல் ஊறிப்போய் வெளுத்திருக்கிறது. நுனி மடங்கவில்லை.

ஆராதனை முடிந்து கோவிலில் எல்லோரும் கேட்டார்கள். ஒரே கதையை ஒன்பது பேரிடம் சொன்னேன். ஒருத்தி, விரல் நுனிதானே, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றாள். சுண்டைக்காய் கால்பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று நானே சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பேச யாரும் இல்லை. நாளை பள்ளி மணி அடிக்கும் வரை வாய்க்கு வேலை கிடையாது.

ஜூலை 14, வெள்ளி. பத்தாம் நாள்

இடது கையில் ஸ்பூன். ஸ்பூனில் சோறு சாப்பிட்டால் வயிறு நிறைகிறது, சாப்பிட்ட மாதிரி இல்லை. ரசம் சேலையில் கொட்டியது. துணி பிழிய முடியாது, அதனால் துணியெல்லாம் கொடியில் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. தேங்காய் திருக முடியாது, அதனால் பத்து நாளாகப் பருப்பும் ரசமும். ஒற்றைக் கையோடு இருக்கும்போதுதான் தெரிகிறது, இந்த வீட்டில் இருப்பது மொத்தமே ஒரு சோடிக் கைதான்.

ஜூலை 23, ஞாயிறு. பத்தொன்பதாம் நாள்

மத்தியானம் வாசலில் கேட்டைத் தட்டும் சத்தம். ஜாய்ஸ் நின்றுகொண்டிருந்தாள். என் தம்பி ஆசீரின் மனைவி. எட்டு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவள்.

அவர்கள் கோயம்புத்தூரில் இருந்தவர்கள். ஆசீர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, இரண்டு வருடத்துக்கு முன் இங்கேயே பெருமாள்புரத்தில் குடிவந்துவிட்டான். என் வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிடம், பள்ளிக்குப் போகிற வழிதான். அந்தத் தெருவைத் தொடாமல் பள்ளிக்குப் போக முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது. நான் முப்பத்தைந்து நிமிடம் நடக்கிறேன். உடம்புக்கு நல்லது.

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விரலைப் பார்த்தாள், கேட்டாள், பத்தாவது முறையாகக் கதையைச் சொன்னேன். அப்புறம் அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஆசீருக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். தேதி இன்னும் குறிக்கவில்லை. சர்க்கரையும் இருப்பதால் டாக்டர்கள் யோசிக்கிறார்களாம்.

"நான் வந்தது அவியளுக்குத் தெரியாது மைனி. தெரிஞ்சா ஏசுவாவ. ஆனா ராத்திரி பகல்னு இல்லாம உங்க பேரையே சொல்லிட்டிருக்காவ."

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். என் வீட்டில் அவள் குடிக்கிறாள், அவள் வீட்டில் நான் குடிக்க மாட்டேன் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பேச்சு அதற்கு மேல் போகவில்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் போன பிறகு கேட்டைக்கூடச் சாத்தாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பசி இல்லை.

ஜூலை 24, திங்கள்

எதனால் அங்கே குடிக்க மாட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன். இது விரலைப் பற்றிய பதிவேடுதான், இருந்தாலும்.

அம்மா பதினோரு வருடம் என் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டது நான். ஆசீர் கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா திடீரென்று போய்விட்டாள். அவன் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தான். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் என் முகத்துக்கு நேரே சொன்னான், "நீ வேணும்னேதான் எனக்கு நேரத்துக்குச் சொல்லாம இருந்துட்ட."

அத்தனை பேர் முன்னால். பதினோரு வருடம் பார்த்தவளை.

இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னேன். இந்தப் பக்கத்தில் பகை என்றால் அதுதான் பகை. அடித்துக்கொண்டாலும் மறுநாள் ஒட்டிவிடலாம். சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் சாப்பிட்டால்தான் ஒட்டும். நானும் போகவில்லை, அவனும் அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, புதன். இருபத்தொன்பதாம் நாள்

டாக்டரிடம் காட்டினேன். நன்றாகச் சேர்ந்து வருகிறதாம், என்னைப் போல ஒழுங்கான நோயாளி அவருக்குக் கிடைத்ததில்லையாம். வீட்டில் உறை மாற்ற உதவுகிறவரையும் பாராட்டினார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அம்மாவின் துணிப்பெட்டியைத் திறந்தேன், எதற்கென்று தெரியவில்லை. கரப்பான் மருந்து போட்டு மூடினேன். அம்மா போனது திடீரென்றுதான். வயதானவர்கள் அப்படித்தான் போவார்கள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு. நாற்பதாம் நாள்

ஆசீர் போன் செய்தான். குரல் கிழவன் குரலாகிவிட்டது. என்னைவிட நான்கு வயது சின்னவன்.

ஆபரேஷன் இருபத்து நான்காம் தேதி வியாழக்கிழமை. வருகிற ஞாயிறு கோவில் முடிந்து வீட்டுக்கு வர வேண்டும் என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது போனில் கேட்டது.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போக்கா. அப்புறம் நான் நிம்மதியா தியேட்டருக்குள்ள போவேன்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். ஞாயிறு நாற்பத்தேழாம் நாள். இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். உறை போட்ட விரலோடு சல்யூட் அடித்தேன். கலெக்டர் ஆபீஸ் காவலர் மாதிரி ஒரு விரல் மட்டும் தனியாக விறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி நின்றேன். மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி. நாற்பத்தைந்தாம் நாள்

திடீரென்று இல்லை.

அம்மா போனதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானமே டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், ஒரு நாள் தாங்கினால் அதிகம் என்று. நான் தலையாட்டினேன். போன் பக்கத்தில்தான் இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே கோயம்புத்தூரில் பஸ் ஏறியிருப்பான். அம்மா பார்த்துவிட்டுப் போயிருப்பாள். சனிக்கிழமை விடிந்து எட்டு மணிக்குத்தான் போன் செய்தேன். பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள்.

பதினோரு வருடம் என் கையால் சாப்பிட்டவள், அவன் வந்தால் மட்டும், "ஆசீரு ஊட்டட்டும்" என்பாள். நான் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் நிற்பேன். கடைசி நாளாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அம்மா ஆசீர் ஆசீர் என்றுதான் கூப்பிட்டாள்.

அவன் சொன்னது பொய் என்று எட்டு வருடம் கோபித்துக்கொண்டிருந்தேன். எழுதியதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. நாற்பத்தேழாம் நாள்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்குப் போனேன். ஆசீர் வாசல் வரை வந்து நின்றான். சட்டை தோளில் தொங்குகிறது, அவ்வளவு இளைத்திருக்கிறான். வாக்கா என்றான். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு வந்துவிடுவார்களாம். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஜாய்ஸ் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள், அவனுக்கு உப்பில்லாத பருப்பு. அதைச் சொல்லிச் சொல்லி அவன் புலம்பினான், நான் திட்டினேன். பத்து நிமிடத்தில் பழைய மாதிரி ஆகிவிட்டது. எட்டு வருடத்தை எங்கே வைத்திருந்தோம் என்று எனக்கே தெரியவில்லை.

தட்டு வைத்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன், கழுவித் துடைத்துத் தயாராக.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். குழாயடியில் நின்று யோசித்தேன். அதிக நேரம் யோசிக்கவில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தின்றுவிட்டு, உன் வீட்டில் சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் ஆட்களில் யாரும் அதைச் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானே ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளை அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அக்கா வந்தாள், இடது கையால் தின்றுவிட்டுப் போனாள் என்றுதான் மிஞ்சும்.

பிளாஸ்திரியைப் பிரித்து உறையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். விரல் நேராகத்தான் நின்றது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆசீர் பார்த்தான். உறை எங்கே என்றான். டாக்டர் கழற்றலாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவன் ஜெபம் பண்ணினான். ஆமென் சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தேன். நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு சூடான சோறு விரலில் பட்டது. குழம்பை ஊற்றிப் பிசைந்து உருட்டி ஒரு வாய் வைத்தேன். ஆசீர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. ஜாய்ஸ் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான்காவது வாயில் உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. வலி இல்லை. பார்த்தேன், நுனி தொங்கிக்கொண்டிருந்தது. தொடர்ந்து சாப்பிட்டேன்.

ரசம் ஊற்றும்போது அவன் பேசினான். எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. பதினோரு வருஷம் நீ பாத்த. நான் என்ன பாத்தேன். இத உங்கிட்டச் சொல்லாமப் போயிருவேனோன்னுதான் பயமா இருந்துச்சு. என்னை மன்னிச்சிருக்கா."

நான் சரி என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாகிவிட்டது, பகை தீர்ந்தாகிவிட்டது, அவனும் நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போயிருப்பான். நெஞ்சைத் திறக்கப் போகிறவனிடம் என்னத்தைச் சொல்வது? ஆனால் செய்யாத தப்புக்கு அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

"நீ சொன்னது சரிதாம்ல," என்றேன். "வெள்ளிக்கெழம மத்தியானமே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் உனக்குப் போன் பண்ணல."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா கேட்டாளா என்னை?"

"கேட்டா. சாயங்காலம் முழுக்கக் கேட்டா."

எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஜாய்ஸ் வெளியே வந்து, அவன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் என் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தேன். பாதியில் எழுந்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அப்புறம் கழுவிக்கொண்டு, வருகிறேன் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உறையை மாட்டினேன். தம்பியும் போச்சு, விரலும் போச்சு.

ஆகஸ்ட் 21, திங்கள். ஒன்றாம் நாள்

டாக்டருக்குக் கோபம் வந்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.

"ஒன்பது நாள்தானே டீச்சர் பாக்கி. அப்படி என்ன செஞ்சீங்க?"

சாப்பிட்டேன் என்றேன். ஸ்பூன் இல்லையா என்றார். இருந்தது என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மறுபடி எட்டு வாரம். ஆனால் இந்தத் தடவை முழுக்க நிமிரும் என்று சொல்ல முடியாது, நுனி கொஞ்சம் தொங்கித்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பழகிக்கொள்கிறேன் என்றேன். எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள் என்று வேறு சொன்னார்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பெருமாள்புரம் தெரு வழியாகவே பள்ளிக்குப் போனேன். வாசலில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 23, புதன்

வீடு பூட்டியிருந்தது. மதுரைக்குப் போய்விட்டார்கள். யாரும் சொல்லவில்லை. எனக்கு ஏன் சொல்ல வேண்டும்? நான் சொன்னேனா?

அவனுக்கு ஏதாவது ஆனால் நான் சொன்னதால்தான் ஆகும். ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24, வியாழன். நான்காம் நாள்

லீவு போடலாம் என்று நினைத்தேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பள்ளிக்குப் போனேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். காலையில் ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது, அடங்கியது, ஒன்றும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போய், சாப்பிட்டு, ஒன்றும் தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருப்பான். இன்று நானாவது தெரிந்துகொண்டு காத்திருந்தேன்.

இரண்டே முக்காலுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையில் நிறுத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஜாய்ஸ். எடுக்கக் கை வரவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். நல்லபடியாக முடிந்ததாம். டாக்டர் இப்போதுதான் வெளியே வந்து சொன்னாராம். அவளுக்கு மூச்சு இரைத்தது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. உன் பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். கீழே காப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள் என்றாள்.

"அவுங்ககிட்ட இன்னும் சொல்லல மைனி. தியேட்டருக்குள்ள கொண்டுபோவும்போது என் கையைப் பிடிச்சிச் சொல்லிட்டுப் போனாவ. நல்லதோ கெட்டதோ, மொத போன் அக்காவுக்குப் போடு, ஒரு நிமிஷம் தாமசிக்காதன்னு."

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் மைதானத்து மண்ணில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.